திரையைக் கழுவும் நீர் எங்கே போகிறது?

கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலப் பை இல்லாமல் திரும்பியவர் யார்? மஞ்சள் துணிப் பை. அதன்மீது மணமக்களின் பெயர், முகூர்த்த நாள், ஊர். உள்ளே தேங்காயும் வெற்றிலை பாக்கும். தேங்காய் மறுநாளே துவையலாகி விடும். பையோ ஆண்டுக்கணக்கில் கடைக்கும் சந்தைக்கும் போய்வரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கி வைத்தது. அந்தப் பையின்மீது எழுத்துகளைப் பதிக்கும் முறைக்குத் திரை அச்சு என்று பெயர். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இது குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில். ஓர் அறை, ஒரு மேசை, நைலான் வலை இழுத்துக் கட்டிய சில சட்டங்கள், கொஞ்சம் மை ஆகியவை போதும். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் வீட்டின் முன்னறையிலோ மாடிப்படிக்குக் கீழோ இத்தொழிலை நடத்த முடியும். மேசைக்கும் மைக்கும் இடம் ஒதுக்குவோர் ஒன்றை மட்டும் மறந்துவிடுவதுண்டு. அது திரையைக் கழுவும் இடம். குளியலறையோ கொல்லைக் குழாயடியோ அந்த வேலைக்குப் பயன்படுகிறது. அங்கிருந்து மஞ்சள் நிறமாக வழிந்தோடும் நீர் நேரே சாக்கடைக்குப் போகிறது.

அந்த நீரில் இருப்பது என்ன? அது எங்கே போய்ச் சேர்கிறது? அதை வழியிலேயே பிடித்து நிறுத்த, செலவு குறைந்த ஒரு கழுவு கூண்டை நாமே எப்படி அமைக்கலாம்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வலையும் ஒளியும்

திரை அச்சின் தத்துவம் மிக எளிது. கோலமாவுச் சல்லடை நினைவிருக்கிறதா? சல்லடையின் அடியில் பூ வடிவில் துளை இருந்தால், மாவு பூவாக விழுகிறது. திரையும் அப்படித்தான். வலையில் எழுத்து இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். ரப்பர் பட்டை கொண்டு மையை இழுத்தால், திறந்த துளைகள் வழியே மை இறங்கித் துணியில் பதியும்.

துணியில் அச்சிட, ஒரு செ.மீ.க்கு 43 இழைகள் கொண்ட வலை போதும். இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 0.15 மி.மீ. அழைப்பிதழ் போன்ற நுண்ணிய வேலைக்கு ஒரு செ.மீ.க்கு 120 இழைகள் தேவை. அதில் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. தான், பெரும்பாலோரின் தலைமுடியை விட மெல்லியது. இத்தனை சிறு துளைகளில் வேண்டியவற்றை மட்டும் அடைப்பது எப்படி? அந்த வேலையை ஒளி செய்கிறது.

பாலிவினைல் ஆல்கஹால் போன்ற, நீரில் கரையும் ஒரு பசையுடன் ஒளியுணர்வுள்ள உப்பு ஒன்றைக் கலக்கிறார்கள். இக்கலவையைத் தொழிலில் எமல்ஷன் என்பர். இதை வலையின்மீது பூசி, மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் உலர்த்த வேண்டும். பிறகு, கறுப்பு எழுத்துள்ள கண்ணாடித் தாளை அதன்மேல் வைத்து, வெயிலிலோ விளக்கொளியிலோ சில நிமிடங்கள் காட்ட வேண்டும். ஒளி பட்ட பசை இறுகி, நீரில் கரையாத தோலாகிறது. கறுப்பு எழுத்தின் அடியில் ஒளி படுவதில்லை. அங்குள்ள பசை பழையபடியே இருக்கிறது. இப்போது திரையை நீரில் கழுவினால், இறுகாத பசை கரைந்து, எழுத்து திறந்து கொள்கிறது.

இந்த விந்தையின் முதல் படியைக் கண்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முங்கோ பாண்டன். பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் தோய்த்த காகிதம் வெயிலில் பழுப்பாக மாறுவதை அவர் 1839-இல் அறிவித்தார். டைகுரோமேட்டு கலந்த ஜெலட்டின் ஒளி பட்டால் கரையாத் தன்மை பெறுகிறது என்பதை 1852-இல் ஃபாக்ஸ் டால்பட் பயன்படுத்திக் காட்டினார். 1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சாமுவேல் சைமன் என்பவர் பட்டு வலையைக் கொண்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒளியுணர்வுப் பசையும் வலையும் பின்னர் ஒன்று சேர்ந்தபோது இன்றைய திரை அச்சு பிறந்தது.

வேலை செய்யாத குரோமியம்

விலை மலிவு என்ற காரணத்தால், பல சிறு அச்சுக் கூடங்களில் ஒளியுணர்வு உப்பாக அம்மோனியம் டைகுரோமேட்டு பயன்பட்டு வருகிறது. ஆரஞ்சுச் சிவப்பான இந்த உப்பு நீரில் கரைந்தால் மஞ்சள் நிறம் தரும். இதிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் கொண்டது. ஒளியின் உதவியால் இது பசையின் மூலக்கூறுகளிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு, மூன்று இணைதிறன் உடையதாக மாறுகிறது. இந்த மூன்று இணைதிறன் குரோமியம் நீண்ட பசை மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. தனித்தனிச் சுள்ளிகளைக் கயிறு கொண்டு கட்டாக்குவது போல என்று கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளி பட்டு வேலை செய்த குரோமியம் பெரும்பாலும் திரையிலேயே பிணைந்து தங்கிவிடுகிறது. ஒளி படாத இடத்தில் உள்ளதும், வேலைக்கு மிஞ்சியதுமான ஆறு இணைதிறன் குரோமியம்தான் கழுவும் நீரோடு வெளியேறுகிறது. இரண்டும் ஒரே தனிமம். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மூன்று இணைதிறன் குரோமியம் எளிதில் கரையாது. உடலுக்குள் எளிதில் புகாது. ஆறு இணைதிறன் குரோமியமோ நீரில் நன்றாகக் கரைந்து, உயிரணுக்களுக்குள் எளிதில் நுழைந்துவிடும். இதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. இதன் தூளையும் சாரலையும் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. தோலில் பட்டால் ஆறாத புண்ணும் ஒவ்வாமையும் உண்டாகலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அது எளிதில் நீங்குவதில்லை. சிமெண்டிலும் இந்த உப்பு மிகச் சிறிதளவு இருப்பதால்தான் கொத்தனார்கள் சிலருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் தோன்றுகின்றன.

எவ்வளவு நீரை இது கெடுக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் அம்மோனியம் டைகுரோமேட்டில் குரோமியம் மட்டும் 0.41 கிராம், அதாவது 410 மில்லிகிராம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 410-ஐ 0.05-ஆல் வகுத்தால் 8,200 வருகிறது. ஒரு கிராம் உப்பைக் குடிநீர் வரம்புக்குள் கொண்டுவர 8,000 லிட்டருக்கு மேல் நீர் தேவை! 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 540 குடங்களுக்கும் அதிகம். இத்தனைக்கும் அந்த ஒரு கிராம் ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும்.

ஆற்றுக்கு ஏது வேறு வழி?

"சாக்கடையில்தானே ஊற்றுகிறோம்" என்று சொல்லலாம். திருநெல்வேலியில் சாக்கடையின் ஒரு பகுதி ஆற்றைத்தான் அடைகிறது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக வந்து, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடி, ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நெடும் பயணம் அன்று. ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். இந்தத் தொலைவுக்குள் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஓர் அணைக்கட்டில் பிரிந்து வயலுக்குப் போன நீரில் ஒரு பங்கு வடிகால் வழியே மீண்டும் ஆற்றுக்கு வந்து, அடுத்த அணைக்கட்டில் மறுபடி பிரிகிறது. மேலே இருப்பவர் விட்ட நீரைத்தான் கீழே இருப்பவர் எடுக்கிறார். திருநெல்வேலி நகருக்குக் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய இரண்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. தூத்துக்குடி வரையில் பல இலட்சம் மக்களுக்கு இவ்வாறே குடிநீர். கோடையில் ஆறு ஒடுங்கும்போது, கலக்கும் அழுக்கைக் கரைத்து நீர்க்கச் செய்யும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது.

ஓர் அச்சுக் கூடத்தின் கழிவு ஆற்றின் அளவுக்கு அற்பமே. ஆனால் குரோமியம் ஒரு தனிமம். எச்சில் இலையைப் போல மட்கி மறையாது. நீரில் இல்லாவிட்டால் வண்டலில் இருக்கும்; வண்டலில் இல்லாவிட்டால் கிணற்று ஊற்றில் இருக்கும். ராணிப்பேட்டையில் குரோமேட்டு உப்புகள் தயாரித்த ஆலை 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேல். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அப்பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் கண்டறியப்பட்டது. சிறியவர் பலர் சேர்ந்தாலும் பெரிய கேடு விளையும் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. சாயமும் குரோமியமும் வேறு வேறுதான், பாடம் ஒன்றே.

ஆகவே முதல் யோசனை: டைகுரோமேட்டை விட்டுவிடுங்கள். டையஸோ வகை எமல்ஷனும், உப்பு கலக்காமல் அப்படியே பூசும் போட்டோபாலிமர் எமல்ஷனும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் குரோமியம் இல்லை. விலை சற்றுக் கூடுதல். ஆனால் பூசிய திரையை அதிக நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். பயிற்சிக்காகச் செய்யும் மாணவர்கள் இவ்விரண்டில் ஒன்றையே உபயோகிக்க வேண்டும். டைகுரோமேட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம். தொழிலில் ஏற்கெனவே டைகுரோமேட்டைப் பயன்படுத்துபவர்களுக்கோ, கைவசம் உள்ளது தீரும் வரையிலாவது, கழுவு கூண்டு கட்டாயம் தேவை. டையஸோ முறையிலும் பசையும் மைத் துணுக்குகளும் வெளியேறுவதால், கூண்டு அங்கும் பயன்படும்.

கூண்டு அமைக்கும் முறை

கூண்டின் அடிப்படை ஒரு தொட்டி, மூன்று சுவர், ஒரு வடிகால். இவற்றுள் ஒழுகாத தொட்டி செய்வதுதான் கடினம். தகரத்தையோ பலகையையோ இணைத்துச் செய்தால் மூலைகளில் கசியும். இதற்கு எளிய வழி, பழைய பொருள் கடையில் கிடைக்கும் 200 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். மேல்மூடி நிலையாக ஒட்டியிருந்து, அதில் விளிம்பை ஒட்டி எதிரெதிரே இரண்டு திருகு அடைப்பான்கள் உள்ள பீப்பாயாகப் பார்த்து வாங்க வேண்டும். பூச்சி மருந்தோ அமிலமோ இருந்த பீப்பாய் கூடாது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, அறிந்தபின் வாங்குங்கள்.

பீப்பாயைப் படுக்க வைத்து, நீளவாக்கில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அடைப்பான் துளை நடுவில் வரும்படி கோடு போட்டுக்கொள்ளுங்கள். இப்போது சுமார் 3 அடி நீளமும் 2 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட, இணைப்பே இல்லாத இரண்டு தொட்டிகள் கிடைத்துவிட்டன. அடைப்பான் துளை ஒரு முனையின் அடிப்பக்கத்தில் அமைகிறது, அதுவே வடிகால். ஒரு பாதி நமக்கு. மறு பாதியைப் பக்கத்துக் கூடத்துக்குக் கொடுக்கலாம். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பின்மேல் செருகிவிட்டால் ஆபத்தில்லை.

வடிகால் துளையில் ரப்பர் வாஷர் வைத்து ஒரு டேங்க் நிப்பிளைப் பொருத்தி, அதில் வளையும் குழாயை மாட்டுங்கள். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசைகள் நன்றாக ஒட்டுவதில்லை. எனவே ஒட்டுவதை நம்பாமல், திருகி இறுக்குவதையே நம்ப வேண்டும். துளையின் கீழே இரண்டு விரற்கடை அளவுக்கு நீர் தேங்கும். அதனால் குற்றமில்லை, பசைத் துணுக்குகள் முதலில் அங்கேயே படிந்துவிடும். பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்து, கழிவு வாளியில் பிழிந்து கொள்ளலாம்.

தொட்டியைத் தாங்க ஸ்லாட்டட் ஆங்கிளிலோ சவுக்குக் கட்டையிலோ ஒரு சட்டம் தேவை. தொட்டி தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் குனிய வேண்டியதில்லை. கீழே வாளி வைக்கவும் இடம் கிடைக்கும். வடிகால் இருக்கும் முனை மற்ற முனையைவிட 3 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அதாவது அடிக்கு ஓர் அங்குலச் சரிவு.

சுவர்களுக்குப் பழைய பி.வி.சி. குளியலறைக் கதவோ, விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படும் புளூட் போர்டோ ஏற்றவை. பின்சுவர் 3 அடி அகலம், 3 அடி உயரம். பக்கச் சுவர்கள் 2 அடி அகலம். ஓட்டு வீட்டில் மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் மழைநீர் உள்ளே புகுவதில்லை. அதே முறையில், ஒவ்வொரு சுவரின் கீழ்விளிம்பும் தொட்டியின் உட்பக்கமாக 3 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பக்கமாக இருந்தால் சுவரில் வழியும் நீரெல்லாம் தரைக்கு வந்துவிடும். சுவர்கள் சந்திக்கும் மூலைகளை மட்டும் சிலிகோன் பசையால் அடைத்துவிடலாம்.

தொட்டியின் குறுக்கே முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்கள் இரண்டை வைத்தால் திரையை அவற்றின்மீது நிறுத்தி, பின்சுவரில் சற்றே சாய்த்துக் கொள்ளலாம். பின்சுவர் ஒளி ஊடுருவும் வெள்ளைத் தகடாக இருந்தால் இன்னொரு நன்மை உண்டு. அதன் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்றை வைத்தால், எழுத்து முழுதும் திறந்துவிட்டதா என்பது தெளிவாகத் தெரியும். மஞ்சள் நிறம் ஏன்? எமல்ஷனை இறுகச் செய்வது புறஊதாவும் நீலமும்தான். மஞ்சள் ஒளி அதைப் பெரிதும் பாதிப்பதில்லை. இதே காரணத்தால் கூண்டை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பது ஆபத்து. எனவே பாட்டரியில் எரியும் அவசர விளக்கைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. விளக்குக் கண்ணாடியில் மஞ்சள் செல்லோபேன் தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

குறைந்த நீரில் கழுவுதல்

வெளியேறும் நீர் குறைந்தால்தான் அதைச் சுத்தம் செய்வது எளிது. உங்கள் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 50 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். ஐந்து நிமிடம் கழுவினால் 60 லிட்டர் போய்விடும். அதோடு வேகமும் போதாது. 10 மீட்டர் உயரத்து நீர்தான் ஒரு வாயுமண்டல அழுத்தம் தரும். வீட்டு மாடியில் 3 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தருவது அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு.

வயலில் மருந்து அடிக்கும் முதுகுத் தெளிப்பான் இதற்கு மிகவும் ஏற்றது. கையால் அழுத்தினாலே இரண்டு மூன்று வாயுமண்டல அழுத்தம் கிடைக்கும். செலவாகும் நீரோ நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குள். புதிதாக வாங்கியதையே பயன்படுத்துங்கள்; மருந்து அடித்த தெளிப்பான் வேண்டாம்.

கழுவுவதை மூன்று படிகளாகச் செய்ய வேண்டும். முதலில், அகலமான தட்டில் நான்கைந்து லிட்டர் நீர் வைத்து, திரையின் இருபுறமும் நனையும்படி இரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும். இறுகாத பசையும் உப்பும் பெருமளவு இந்த நீரிலேயே இறங்கிவிடும். இரண்டாவதாக, திரையைக் கூண்டில் நிறுத்தி, ஓர் அடிக்கு மேல் தள்ளி நின்று தெளிப்பானால் அடிக்க வேண்டும். மிக அருகில் அடித்தால் நுண்ணிய கோடுகள் பிய்ந்துவிடும். மூன்றாவதாக, சிறிது தூய நீரால் இருபுறமும் அலச வேண்டும். இதைச் செய்யாவிட்டால், கரைந்த பசை மெல்லிய படலமாகத் துளைகளில் காய்ந்து மை இறங்காமல் தடுக்கும்.

துணி துவைக்கும்போது, கடைசியாக அலசிய நீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். அதே சிக்கனம் இங்கும் பொருந்தும். மூன்றாம் படியின் நீரைத் தனி வாளியில் பிடித்து, அடுத்த திரையை ஊறவைக்கப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு படிகளின் நீரை மட்டும் 'கழிவு' என்று எழுதிய மூடியுள்ள வாளியில், பழைய துணிப் பை ஒன்றின் வழியே வடிகட்டிச் சேருங்கள். வேலை முழுவதும் ரப்பர் கையுறை, முன்றானைத் துணி, கண்ணாடி ஆகியவை வேண்டும். அருகில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

வாளிக்குள் வேதியியல்

இனி, சேர்ந்த மஞ்சள் நீரை என்ன செய்வது? ஒளி திரையில் செய்த வேலையையே நாம் வாளியில் செய்யப் போகிறோம்: ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றுவது. இதற்கு எலெக்ட்ரான் கொடுக்கும் பொருள் ஒன்று வேண்டும். அதுதான் அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட்டு. பயிரின் இரும்புச் சத்துக் குறைவுக்காக உரக்கடைகளில் விற்கப்படும் வெளிர்பச்சைப் படிகம். இதிலுள்ள இரும்பு ஓர் எலெக்ட்ரானைக் குரோமியத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு குரோமியத்துக்கு மூன்று எலெக்ட்ரான் தேவை; ஆகவே மூன்று இரும்பு அணுக்கள் வேண்டும். கணக்குப்படி ஒரு கிராம் அம்மோனியம் டைகுரோமேட்டுக்கு 6.6 கிராம் அன்னபேதி. குறையாமல் இருக்க 10 கிராம் என்று வைத்துக் கொள்ளலாம். பழுப்பேறிப் போன பழைய அன்னபேதி உதவாது. அதன் இரும்பு காற்றுக்கே எலெக்ட்ரானைக் கொடுத்துத் தீர்த்துவிட்டது.

அன்னபேதியை நீரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கினால், மஞ்சள் நிறம் மறைந்து பச்சையும் பழுப்பும் கலந்த நிறம் தோன்றும். அரைமணி நேரம் விட்டு, தெளிந்த சுண்ணாம்பு நீரோ நீர்த்த சுண்ணாம்புக் கரைசலோ சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். கரைசல் சற்றே காரத்தன்மை அடையும்போது குரோமியமும் இரும்பும் ஹைடிராக்சைடுகளாகி, சேறு போன்ற வீழ்படிவாகப் பிரியும்.

சுண்ணாம்பு போதும் என்று எப்படி அறிவது? ஆரத்தித் தட்டு நமக்கு வழி காட்டுகிறது. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா? மஞ்சள்தூள் கரைசலில் வெள்ளைத் தாளைத் தோய்த்து உலர்த்தினால் அதுவே காரம் காட்டும் தாள். வாளியின் மேல்மட்டத்துத் தெளிந்த நீரில் ஒரு துளியைத் தாளில் வையுங்கள். லேசாகச் செங்கல் நிறம் தோன்றியதும் சுண்ணாம்பை நிறுத்திவிட வேண்டும். மிகுதியாகக் கொட்டினால் குரோமிய வீழ்படிவு மீண்டும் கரையத் தொடங்கும்.

ஓர் இரவு அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது மட்டும் போதாது. டைபினைல் கார்பசைடு என்ற பொருள் அமிலக் கரைசலில் மிகச் சிறிதளவு ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தாலும் ஊதா நிறம் காட்டும். அருகிலுள்ள கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இச்சோதனையைக் கேட்டுச் செய்யலாம். ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் உள்ள கழிவை நீர்நிலையில் விடக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஊதா நிறம் தோன்றினால் அன்னபேதியை இன்னும் சிறிது சேர்த்து மறுபடி செய்ய வேண்டும். தேறிய நீரைச் சாக்கடையில் விடலாம். செடிக்கோ கிணற்றோரத்திலோ ஊற்ற வேண்டாம்.

செய்யக் கூடாதவை

அடியில் தங்கிய சேற்றைத் துணியில் வடித்து உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பெயர் எழுதிச் சேமிக்க வேண்டும். இது குறைந்த அளவில்தான் சேரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற கழிவு மையத்துக்கு ஒப்படைப்பதே முறை. பல கூடங்கள் சேர்ந்து ஒப்படைத்தால் சுமை குறையும். சேற்றைக் குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது. குரோமியக் கனிமத்தைச் சுண்ணாம்புடனும் சோடாவுடனும் சேர்த்துக் காற்றில் வறுத்துத்தான் ஆலைகளில் குரோமேட்டு உப்பையே தயாரித்தார்கள். நம் சேற்றில் சுண்ணாம்பும் இருக்கிறது. எரித்தால், பாடுபட்டு மாற்றிய குரோமியம் பழைய நஞ்சாகத் திரும்பிவிடும்.

அச்சு முடிந்த பின் பழைய திரையை மீண்டும் பயன்படுத்த, பிளீச்சிங் பவுடர் கரைசலால் பசையை எடுப்பதுண்டு. அந்த நீரைக் குரோமியக் கழிவு வாளியில் சேர்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடரும் குரோமியத்தை மீண்டும் ஆறு இணைதிறனாக்கும் ஆற்றல் உடையது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும் வெளிப்படும். இதற்குத் தனி வாளி வேண்டும். மைபட்ட திரையை நேரே கூண்டுக்குக் கொண்டுவருவதும் தவறு. மிஞ்சிய மையை வழித்து டப்பாவுக்கே திருப்பிவிட்டு, கந்தையால் துடைத்த பின்னரே கழுவ வேண்டும்.

அறுத்த பீப்பாய், பழைய கதவு, ஒரு தெளிப்பான், உரக்கடை அன்னபேதி, சமையலறை மஞ்சள். இவ்வளவுதான் நம் கூண்டு. இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. திரையைக் கழுவுபவர் தம் கையையும், கீழே மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் நீர் அள்ளுபவர் குடத்தையும் ஒருசேர நினைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பிளாஸ்டிக்கிலிருந்து ஆற்றைக் காக்க வந்தது மஞ்சப்பை. அதில் பெயர் எழுதும் நாம் அந்த ஆற்றில் மஞ்சள் நஞ்சைக் கலக்கலாமா? தாமிரபரணியின் பெயரில் ஓர் உலோகம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் நீரில் இன்னோர் உலோகத்தை நாம் சேர்க்க வேண்டாம்.